படமும் கொளுவும்: கனடா நாட்டுப் பழங்கட்டட நிழற்படங்கள் பற்றிய ஓர் ஆய்வு

புறநானூறு பயில்வார், பாட்டின் அடியில் நிற்கும் கொளுவையும் உடன் பயில்வர். இன்னாரை இன்னார் இன்ன பொழுதிற் பாடியது என்று அது கூறும். பாட்டுப் புலவர் வாக்கு. கொளுவோ பின்வந்த தொகுப்பாளர் சேர்த்தது என்பது அறிஞர் பலர் கொள்கை. கொளுவை முற்றும் நம்பினால், பாட்டுக் கூறாதவற்றைப் பாட்டின்மேல் ஏற்றிவிடுவோம். முற்றும் தள்ளினால், பல பாட்டுக்கள் எவரைப் பற்றி எழுந்தன என்பதே அறியாது நிற்போம். ஆதலின் இரண்டையும் வேறு பிரித்தறிந்து, பின்னர் ஒப்புநோக்கிப் பொருள் காண்பதே மூலபாட ஆராய்ச்சியாளர் கைக்கொள்ளும் நெறியாகும்.

இந்நெறி ஏட்டுச் சுவடிகட்கு மட்டும் உரியதன்று. ஆவணக் காப்பகங்களில் தொகுக்கப்பெற்றுள்ள கட்டட நிழற்படங்களுக்கும் இது பொருந்தும். படம் மூலம், அதன் அடியில் எழுதப்பெற்ற பெயரும் ஆண்டும் இடமும் கொளு, அது வைக்கப்பெற்றுள்ள தொகுதியே தொகை. வரலாறு எழுதுவோர் பலர் இம்மூன்றையும் ஒன்றெனக் கொண்டு, 'படம் பொய் கூறாது' என்று அமைந்துவிடுகின்றனர். அங்ஙனம் அமைதல் தகாது என்பதையும், கட்டட நிழற்படம் முதற்கண் அதனை எடுப்பித்தவரது நோக்கத்திற்கே சான்று என்பதையும், அந்நோக்கம் தெளிந்த பின்னரே அது கட்டடத்திற்குச் சான்றாகும் என்பதையும் நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குக் கனடா நாட்டைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. நிழற்படக்கலை உலகிற்கு அறிவிக்கப்பெற்ற ஆண்டு 1839. கனடாக் கூட்டாட்சி அமைந்த ஆண்டு 1867. கலை வளர்ந்த காலமும் அந்நாட்டு நகரங்கள் பல வளர்ந்த காலமும் ஒன்றாக அமைந்தன. அன்றியும், அங்குப் பல கட்டடங்கள் மரத்தால் ஆனவை. தீயினாலும் விரைந்த நகர வளர்ச்சியினாலும் அவை மறைந்தன. கட்டடம் மறையப் படம் எஞ்சிய இடங்கள் பலவாதலின், படத்தை எவ்வாறு படிப்பது என்னும் வினா அங்கு வெறும் கலைவினா அன்று. ஒரு நாட்டார் தம் முன்னோரின் மனைகளை அறிதற்குரிய வழியைப் பற்றிய வினாவாகும்.

விண்ணப்பமாகிய படம்

டொராண்டோ நகரின் மிகப் பழைய நிழற்படங்களாக இன்று அறியப்படுவன, 1856-ஆம் ஆண்டின் இறுதியிலோ 1857-ஆம் ஆண்டின் தொடக்கத்திலோ ஆம்ஸ்ட்ராங், பீர், ஹைம் என்போர் நடத்திய நிறுவனம் எடுத்தவை. ராசின் மாளிகை என்னும் விடுதியின் கூரைமேற் கருவியை நிறுத்தி, நகரைச் சுற்றிலும் நோக்கிய காட்சியைப் பல படங்களாக அவர்கள் பகுத்து எடுத்தனர். அவற்றை எடுப்பித்தது நகராட்சி. அக்காலத்தில் கனடா மாகாணத்திற்கு நிலையான தலைநகர் இல்லை. எந்நகரைத் தேர்வது என்பதை விக்டோரியா அரசியார் முடிவு செய்வதென ஏற்பட்டது. போட்டியிட்ட நகரங்கள் தத்தம் சிறப்பை எழுதி விண்ணப்பித்தன. டொராண்டோ நகரார் தம் விண்ணப்பத்துடன் இப்படங்களையும் இலண்டனுக்கு விடுத்தனர்.

எனவே இவை நகரின் படங்கள் என்பதினும் நகரின் வழக்குரைகள் என்பது பொருந்தும். 'எம்மிடம் கல்லாலும் செங்கல்லாலும் எழுந்த மாளிகைகள் உள. தலைநகராதற்கு யாம் தகுதியுடையோம்' என்பதே அவற்றின் கூற்று. ஆயினும் நாற்புறமும் சுழன்று நோக்கும் காட்சிக்கு ஓர் இயல்பு உண்டு. தனிக் கட்டடத்தைப் படம் எடுப்போன் வேண்டாதவற்றை விலக்கி நிற்கலாம்; வட்டமாகச் சுற்றி எடுப்போனுக்கு அவ்வுரிமை குறைவு. ஆகவே மாளிகைகளுக்கு இடையே சேறு படிந்த தெருக்களும், மரக்கொட்டில்களும், வெற்று மனைகளும் படத்திற் புகுந்துவிட்டன. எடுப்பித்தோர் கூற விரும்பியது ஒன்று. படம் கூறியது அதனினும் மிகுதி. வழக்குரைப்போன் வாயினின்று அவனை அறியாமல் வெளிப்படும் சொல்லே நடுவர்க்குச் சிறந்த சான்றாதல் போல, இப்படங்களில் நோக்கத்திற்கு மாறாகப் புகுந்த பகுதிகளே கட்டட வரலாற்றுக்கு மிக்க பயன் தருவன.

பிறிதொன்றும் கருதத்தக்கது. இப்படங்களில் தெருக்கள் ஆளற்றவை போலத் தோன்றும். அதனைக் கொண்டு நகர் வெறிச்சோடிக் கிடந்தது எனக் கூறுதல் பிழை. அந்நாளில் வழங்கிய ஈரக் கொலோடியன் முறையிற் கண்ணாடித் தகட்டின்மேற் சில நொடிகள் ஒளி படுதல் வேண்டும். நின்றவை பதியும், நடந்தவை மங்கி மறையும். கட்டடம் நிற்பதாலும் மாந்தர் நடப்பதாலும், கருவி கட்டடத்தின் பக்கமே சாய்ந்தது. இப்பிழை எவருடைய நோக்கத்தினின்றும் தோன்றியதன்று, கருவியினின்று தோன்றியது. ஆய்வாளர் இருவகையையும் பிரித்தறிதல் வேண்டும்.

1857-ஆம் ஆண்டின் முடிவில் அரசியார் ஒட்டாவாவைத் தேர்ந்தனர். டொராண்டோவின் விண்ணப்பம் தோற்றது. படங்களும் இலண்டன் அரசாங்க அலுவலக நூலகத்திற் கிடந்தன. 1979-இல் அவை அடையாளம் காணப்பெற்றன. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் அவை மறைந்து கிடந்தது, படம் அழிந்தமையால் அன்று. அவை எதற்காக எடுக்கப்பெற்றன என்பது மறக்கப்பட்டமையால் எனலாம். நோக்கம் மறந்த இடத்தில் தேடுவாரும் இலராயினர்.

பெருமிதமாகிய படம்

மாண்ட்ரியல் நகரில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின்மேல் எழுந்த விக்டோரியாப் பாலத்தின் பணி 1854-இல் தொடங்கி 1859-இல் நிறைவுற்றது. 1860-இல் வேல்ஸ் இளவரசர் அதனை முறைப்படி திறந்துவைத்தார். ஸ்காட்லாந்தினின்று 1856-இற் குடியேறிய வில்லியம் நாட்மன், இப்பணியைப் படம் எடுக்க 1858-இல் அமர்த்தப்பெற்றார். அமர்த்தியவர் கட்டுமானப் பொறுப்பேற்றிருந்த பொறியாளர் ஜேம்ஸ் ஹாட்ஜஸ். இப்படங்கள் உள்ளிட்ட ஒரு தொகுதி மேப்பிள் மரப்பேழையில் வைத்து இளவரசர்க்கு வழங்கப்பெற்றது. ஆதலின் இவற்றின் நோக்கம் ஐயத்திற்கு இடமின்றிப் பெருமிதமே.

இப்பாலம் முதலில் இரும்புத் தகடுகளால் ஆன நீண்ட குழாய் வடிவில் இருந்தது. தொடர்வண்டி அக்குழாயினுள்ளே ஓடியது. 1897, 1898-ஆம் ஆண்டுகளில் அக்குழாய் அகற்றப்பெற்றுத் திறந்த எஃகுச் சட்டப் பாலம் அதன் இடத்தில் அமைந்தது. இன்று ஆற்றங்கரையில் நின்று நோக்குவோன் காண்பது இப்பிற்காலப் பாலத்தையே. பழைய குழாயின் உருவத்தை அறிதற்கு நாட்மன் படங்கள் தலைசிறந்த சான்றுகளாகும். பெருமிதம் பற்றி எடுத்த படமாயினும், பணியின் ஒவ்வொரு நிலையையும் காட்டுதலே அப்பெருமிதத்தின் வடிவமாதலின், இங்கு நோக்கம் சான்றுக்குத் துணையாயிற்று.

இத்தொகுதியில் ஒரு படம் தனித்து எண்ணத்தக்கது. பெரும்பாறை ஒன்றைப் பணியாளர் நிலைநிறுத்தும் காட்சி அது. கொளுவின்றி நோக்குவார்க்கு அது பாலப்பணியின் ஒரு பகுதியாகவே தோன்றும். கொளுவோ வேறு கூறுகிறது. 1847-இல் அயர்லாந்தினின்று பஞ்சத்திற்கு அஞ்சிக் கப்பலேறி வந்தோர் பல்லாயிரவர் நச்சுக்காய்ச்சலால் அக்கரையில் இறந்தனர். பாலப்பணிக்கு நிலத்தை அகழ்ந்தபோது அவர்தம் எலும்புகள் வெளிப்பட்டன. அவ்விடம் மதிப்பிழத்தலாகாது எனக் கருதிய பணியாளர், ஆற்றினின்று எடுத்த பாறையை 1859-இல் நினைவுக் கல்லாக நாட்டினர். இறந்தோர் தொகை 6000 என அக்கல் கூறும். பொறியாளர் பெருமையைக் கூறப் புகுந்த தொகுதியினுள், கூலியாளர் தாமே நாட்டிய நடுகல் ஒன்றும் இடம்பெற்றுவிட்டது. படம் தனித்து நின்றால் இப்பொருள் தோன்றாது. கொளுவை ஐயுற வேண்டும் என்று கூறும் நாம், கொளுவின்றிப் படம் ஊமையாகும் என்பதையும் ஒப்புதல் வேண்டும்.

கணக்காகிய படம்

இங்கு ஒரு தடை எழலாம். 'எடுப்பித்தோன் நோக்கம் எதுவாயினும், சுவரும் சாளரமும் தூணும் உள்ளவாறே பதிகின்றன அல்லவோ? நோக்கத்தை ஏன் ஆராய வேண்டும்?' என்பர். இத்தடை முற்றும் பிழையன்று. ஒட்டாவாப் பாராளுமன்றக் கட்டடப் படங்கள் இதற்கு வலிமை தருவன.

தாமஸ் புல்லர், சிலியன் ஜோன்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் இருவர் வகுத்த நடுக்கட்டடத்தின் பணி 1859-இல் தொடங்கியது. செலவு மதிப்பீட்டைக் கடந்தமையாற் பணி இடையில் நிறுத்தப்பெற்று, 1862-இல் விசாரணைக் குழுவும் அமைந்தது. இப்பணியைப் படம் எடுத்தவர் சாமுவேல் மெக்லாக்லின்; 1861 முதல் மாகாணப் பொதுப்பணித் துறையின் நிழற்படக்காரராக விளங்கியவர். இவர் எடுத்தவை அரசாங்கப் பணியின் வளர்ச்சிக் குறிப்புக்கள். சாரமும், முற்றுப்பெறாச் சுவரும், குவிந்த கல்லும் அவற்றிற் காணப்பெறும். முடிந்த மாளிகையின் முகப்பை அழகுற எடுத்த படங்கள், மேலே பூசி மூடிய பின்னர் உள்ளதையே காட்டும். இவையோ மூடப்படுமுன் இருந்ததைக் காட்டுவன. ஆதலிற் கணக்குப் படம் அழகுப் படத்தினும் கட்டடக்கலை ஆராய்ச்சிக்கு நம்பத்தக்கது.

ஆனால் அது நம்பத்தக்கது என்பதை நாம் எவ்வாறு அறிந்தோம்? அதன் நோக்கத்தை அறிந்தமையாலன்றோ? தடையுரைத்தார் கூற்றே நம் துணிபுக்கு அரணாகின்றது. நோக்கத்தை ஆராய்தல் படத்தைத் தள்ளுதற்கு அன்று. எவ்வளவு கொள்ளலாம் என்று அளத்தற்கே.

1916 பிப்ரவரி 3-ஆம் நாள் தீயினால் அந்நடுக்கட்டடம் அழிந்தது. பின்புறம் இருந்த நூலகம் இரும்புக் கதவு அடைக்கப்பெற்றமையால் தப்பியது. ஜான் பியர்சன், ஜான் ஓமர் மார்ஷாண்ட் என்போர் வகுத்த புதிய கட்டடம் அவ்விடத்தில் எழுந்து, அதன் அமைதிக் கோபுரம் 1927-இல் நிறைவுற்றது. புதியதும் கோதிக்குப் பாங்கினதே. அதனால் இன்றைய கட்டடத்தையே 1866-இற் பாராளுமன்றம் முதலிற் கூடிய கட்டடமெனக் காண்போர் மயங்க இடமுண்டு. மெக்லாக்லின் படங்கள் இம்மயக்கத்தை நீக்குவன. மறைந்ததை நினைவூட்டுவதோடு, நிற்பதைப் பழையதென மயங்குவதைத் தடுப்பதும் பழம்படத்தின் பணியாகும்.

குற்றச்சாட்டாகிய படம்

ஆர்தர் காஸ் 1911-இல் டொராண்டோ நகராட்சியின் நிழற்படக்காரராக அமர்ந்து 1940 வரை பணியாற்றினார். பாலங்கள், சாலைகள், நீர்நிலையங்கள் எனப் பல பணிகளை அவர் படம் எடுத்தார். நகரச் சுகாதார அலுவலர் டாக்டர் சார்ல்ஸ் ஹேஸ்டிங்ஸ் வேண்டியவாறு, 'வார்டு' எனப்பட்ட நெருக்கடியான குடியிருப்பையும் படம் எடுத்தார். அப்பகுதியின் இழிநிலையை விளக்கி ஹேஸ்டிங்ஸ் 1911-இல் அறிக்கை வெளியிட்டார்.

இப்படங்களிற் சரிந்த மரவீடுகளும், புழக்கடைகளும், ஒடுங்கிய அறைகளும், அவற்றின் முன் நிற்கும் தாய்மாரும் குழவிகளும் காணப்பெறுவர். ஹேஸ்டிங்ஸ் கருதியது மக்கள் நலமே. தூய நீருக்கும் தூய பாலுக்கும் அவர் உழைத்த உழைப்பு மறுக்கவொண்ணாதது. ஆயினும் இப்படங்கள் 'இங்கு வாழ்தல் தகாது' என்னும் முடிபை முன்வைத்தே எடுக்கப்பெற்றவை. நோய்க்குக் காரணமாவதைத் தேடும் கண்ணுக்குப் புழக்கடை தெரியும். தொழுகையிடமும் நாடக அரங்கும் அண்டைவீட்டார் உறவும் தெரியா. யூதரும் இத்தாலியரும் சீனரும், அடிமை நிலையினின்று தப்பி வந்த கறுப்பினத்தாரின் வழியினரும் வாழ்ந்த ஊர் அது. அவர்களுக்கு அது நோய்க்களம் மட்டுமன்று. புதிய நாட்டில் முதலில் ஊன்றிய கால்.

காலப்போக்கில் அப்பகுதியின் வீடுகள் அகற்றப்பெற்றன. 1965-இல் திறக்கப்பெற்ற புதிய நகராட்சி மாளிகை அந்நிலத்தின் ஒரு பகுதியில் நிற்கிறது. 2015-இல் அப்பகுதியில் நிகழ்ந்த அகழ்வாய்வில் கறுப்பினத்தார் திருச்சபை ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. சுகாதாரத் துறைப் படங்கள் எதற்காக எடுக்கப்பெறவில்லையோ, அதனை மண் கூறிற்று. குற்றச்சாட்டை மட்டும் படித்து ஓர் ஊரின் வரலாற்றை எழுதினால், அவ்வூரார் இருமுறை வீடிழந்தவராவர்: ஒருமுறை நிலத்தில், மறுமுறை ஏட்டில்.

எனினும் காஸின் படங்களிலேயே விடையும் உண்டு. அப்படங்களில் நிற்போர் பலர் கருவியை நேர்நோக்கி நிற்கின்றனர். துறைக்கு வேண்டியது சுவரின் நிலை. ஆயின் அச்சுவரின் முன் நின்றோர் தம் முகத்தையும் தந்தனர். இலங்கையிற் பிறந்து கனடாவிற் குடியேறிய மைக்கேல் ஒண்டாச்சி, 1987-இல் வெளியிட்ட புதினத்தில் காஸைக் கதைமாந்தராக அமைத்து, வரலாற்றேடுகளிற் பெயர் பெறாத தொழிலாளரை முதன்மைப்படுத்தியமை இவண் நினைக்கத்தகும். ஆவணம் விடுத்த இடத்தை இலக்கியம் நிரப்ப முயன்றமைக்கு அது சான்று.

பெயரிழந்த படம்

கனடாவின் மேலைக் கடலில், இன்று ஹைடா குவாய் என வழங்கும் தீவுக்கூட்டம், 2010 வரை ராணி சார்லட் தீவுகள் எனப்பட்டது. ஹைடா மக்கள் அங்குத் தேவதாரு இனத்துப் பெருமரங்களின் பலகையாலும் உத்தரத்தாலும் பெருமனைகளை எடுத்து, முன்புறத்திற் குலச்சின்னங்கள் செதுக்கிய உயர்ந்த கம்பங்களை நாட்டினர். 1862-இற் பரவிய பெரியம்மை அம்மக்களுட் பெரும்பகுதியினரை அழித்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1878-இல், கனடா நிலவியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த ஜார்ஜ் மெர்சர் டாசன் அத்தீவுகளுக்குச் சென்று, ஸ்கிட்கேட், ஸ்கிடன்ஸ் முதலிய ஊர்களைப் படம் எடுத்தார். பல ஊர்களின் மனைவரிசை நின்ற நிலையைக் காட்டும் அரிய சான்றுகள் அவை.

டாசன் நிலவியலார், ஹைடா மக்களின் வழக்கங்களைப் பற்றியும் விரிவாக எழுதியவர். ஆயினும் ஊர்ப்பெயரைத் தாங்கிய படத்தில் ஒவ்வொரு மனையும் பெயரற்றதாயிற்று. ஹைடா மக்களிடையே மனைக்குத் தனிப்பெயர் உண்டு. அது குலத்தின் உடைமை. ஸ்கிடன்ஸ் ஊரில் ஒரு மனைக்கு, 'கடந்து செல்லும் மேகங்கள் மோதி ஒலிக்கும் மனை' என்னும் பொருள்படும் பெயர் வழங்கிற்று. மனையின் உயர்வையும் தலைவன் பெருமையையும் ஒருங்கே உணர்த்தும் இப்பெயர், படத்தை எத்துணைக் கூர்ந்து நோக்கினும் அதனுள் அகப்படாது. செம்புலப்பெயனீரார் என்பார்க்குப் பாட்டின் தொடரே பெயராயிற்று. இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. ஹைடா மனைக்கு அத்தகைய பெயரும் கொளுவில் இடம்பெறவில்லை.

அப்பெயர்களைக் காத்தவர் ஹைடா முதியோர். 1900, 1901-ஆம் ஆண்டுகளில் அங்குத் தங்கிய ஜான் சுவாண்டன் அவர்கள் கூறக் கேட்டு, ஊர்தோறும் மனைப்பெயரையும் உடையவர் பெயரையும் நிரல்பட எழுதி 1905-இல் வெளியிட்டார். ஜார்ஜ் மெக்டொனால்டு பழம்படங்களையும் இத்தகைய பட்டியல்களையும் ஒப்புநோக்கி, இம்மனை இன்னாரது என ஊர் ஊராக வகுத்த பெருநூலை 1983-இல் வெளியிட்டார். படம் எடுக்கப்பெற்று நூற்றைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே மூலமும் கொளுவும் ஒன்று கூடின. பட்டியலும் நினைவினின்று எழுந்ததாதலின் அதிலும் பாடவேறுபாடு இருத்தல் கூடும். அது குறையன்று, ஆராய்ச்சிக்குரிய களம். படம் மட்டும் எஞ்சியிருப்பின் மரமும் செதுக்கும் எஞ்சியிருக்கும், மனை எஞ்சியிராது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், கட்டட நிழற்படத்தைச் சான்றாகக் கொள்வோர் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும் என்பது பெறப்படும். எடுப்பித்தவர் யார், எதன்பொருட்டு? கருவியின் இயல்பால் விடுபட்டவை யாவை? கொளுவை எழுதியவர் யார், எப்பொழுது? படத்தில் உள்ளோரும் அவர் வழியினரும் அதற்கு என்ன பெயர் கூறுவர்? முதல் மூன்றும் ஆராய்ச்சியாளர் தம் மேசையில் இருந்தே ஆராயத்தக்கன. நான்காவது, எழுந்து சென்று கேட்டால் அன்றி விடை கிட்டாதது.

காப்பகத்தார் இதனை உணர்ந்துள்ளனர். கனடா நூலகமும் ஆவணக் காப்பகமும், இனுவிட் மக்களின் பழம்படங்களிற் பெயரின்றி நிற்போரை அம்முதியோரிடமே கேட்டறியும் பணியை 2002-இல் தொடங்கின. கட்டடப் படங்களுக்கும் இந்நெறி வேண்டற்பாலது. ஆனால் ஓர் எச்சரிக்கை கூறுதல் கடனாகும். புதிய கொளு கிடைத்ததும் பழைய கொளுவை அழித்துவிடுதல் கூடாது. பிழையான பாடத்தையும் அடிக்குறிப்பிற் காப்பது பதிப்பாசிரியர் மரபு. ஒரு காலத்தார் ஒரு மனையைப் பெயரின்றி நோக்கினர் என்பதும் வரலாறே. அதனை மறைத்தால், அவ்வாறு நோக்கப்பட்டோர் பட்ட இழப்பையும் மறைத்தவராவோம். பழங்கொளு கீழே நிற்க, உரியவர் கூறிய பெயர் மேலே நிற்றல் வேண்டும்.